லண்டன் ஒழுகும், அமெரிக்கன் குடிக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்குக் கீழ் ஃபிளாட்டில் இருந்த அன்ரியிடம் புதிதாக எதையும் கொண்டுபோய்க் காட்டக்கூடாது. காட்டினால் இரண்டு கேள்வி வரும். "எப்பிடி ஓடும்? என்ன தின்னும்?" கார் என்றில்லை. பிரஷர் குக்கர், கைத்தொலைபேசி, மூன்றாம் மாடிக்காரரின் புது மருமகள், எல்லாவற்றுக்கும் இதே இரண்டுதான். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை கிடைத்து, லட்டுப் பெட்டியோடு போய் நின்றபோதும் அதையே கேட்டார். நான் சம்பளத்தைச் சொன்னேன்.

"அது ஓட்டம். தின்னுறதைச் சொல்லு."

"வேலை என்ன அன்ரி தின்னும்?"

"காலமை பஸ்ஸில ஒரு மணித்தியாலம். பின்னேரம் ஒண்டரை. சனிக்கிழமையும் கூப்பிடுவினமோ?"

"சில நேரம் கூப்பிடுவினம்..."

"அப்ப சனிக்கிழமையையும் தின்னும். சரி, லட்டை இங்க வை."

லட்டு மட்டும் எந்த மதிப்பீடும் இல்லாமல் உள்ளே போனது.

மதிப்பீடு அவருடைய தொழில். ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில், அடிபட்டு வரும் வாகனங்களைப் பார்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று எழுதுகிற வேலை. பெண்கள் அந்தப் பக்கமே வராத காலத்தில் வந்து, ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தவர். கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு, கைப்பைக்குள் எப்போதும் ஒரு ரோச் லைட். எந்தப் பொருளையும் முதலில் குனிந்து அடியில்தான் பார்ப்பார். ஒருமுறை பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணம். காஞ்சிபுரம் பட்டுச்சேலையோடு மண்டப வாசலில் குனிந்து, பூச்சரம் கட்டி நின்ற மாப்பிள்ளைக் காரின் அடியில் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, "சைலன்சர் விழப்போகுது" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏறி நாலு கடை தாண்டுவதற்குள் அது விழுந்தது. பெரியவர்கள் சகுனம், சகுனம் என்று கையைப் பிசைந்தார்கள். "சகுனமில்லை, துரு" என்றார் அன்ரி.

கலியாணம் அவர் செய்யவில்லை. ஏன் என்று கேட்கிற துணிவு எனக்கு ஒருநாள் வந்தது. "மூண்டு பேர் வந்து பாத்தவை. ஓட்டம் காணாது, செலவு கூட" என்றார். அவ்வளவுதான் அந்த விஷயத்தில் அவர் சொன்னது.

அன்ரியின் உலகத்தில் இரண்டே இரண்டு இனம்தான் இருந்தது. ஒன்று இங்கிலிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மற்றது அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் கார். அதுவும் இப்போது வருகிறவை அல்ல, குரோம் பம்பர் போட்ட பழையவை. மற்ற எல்லாமே இந்த இரண்டில் ஒன்றின் சாயல் என்பது அவருடைய சித்தாந்தம். கறண்ட் போன ஒரு பின்னேரம் எனக்கு அதை முழுதாக விளங்கப்படுத்தினார்.

"இங்கிலிஷ்காரன்ரை கார் சின்ன எஞ்சின், பாரமில்லை. வளைவில விட்டால் அதின்ரை குணம் தெரியும், அப்பிடி வளைஞ்சு போகும். வாங்க மலிவு, வச்சிருக்கத்தான் கரைச்சல். மழை பெய்தால் வயர் எல்லாம் கோவிக்கும். அமெரிக்கன் அப்பிடியில்லை. எட்டுச் சிலிண்டர். மிதிச்சால் முதுகு சீற்றில ஒட்டும். எஞ்சின் லேசில பழுதாகாது. ஆனால் பழுதானால் ஒரு சாமான் எடுப்பிக்கக் கப்பல் கூலியே உன்ரை ஒரு மாசச் சம்பளம்."

"அப்ப அமெரிக்கன்தானே அன்ரி கெதியா ஓடும்?"

"நேர் றோட்டில கெதி. கொழும்பில நேர் றோட்டு எங்க கிடக்கு? பம்பலப்பிட்டிச் சந்தியில எத்தனை குதிரைச்சக்தி எண்டாலும் சிவப்பு லைற்றுக்கு நிக்கத்தானே வேணும்."

இந்தக் கணக்கில் எங்கள் ஃபிளாட் காவல்காரர் அமெரிக்கன், அதாவது சத்தம் பெரிது, சாப்பாடு கூட. என் அம்மா இங்கிலிஷ். "வடிவா மினுக்கி வச்சிருக்கு. ஆனால் காலமையில ஸ்டார்ட் ஆகாது. சொட்டுச் சொட்டா ஒழுகும்." அப்பா போன பிறகு அம்மா எதற்கெடுத்தாலும் அழுவதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், காலையில் மூன்றாம் தேத்தண்ணிக்குப் பிறகுதான் அம்மா வாயே திறப்பார்.

இந்தச் சித்தாந்தத்தை எதிர்த்துப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முதலாளி. இந்தியாவிலிருந்து தாத்தா காலத்தில் வந்து கடை போட்ட குடும்பம். அவருடைய லொறிகள் அடிக்கடி எங்காவது போய் முட்டும். அவர் கேட்கிற தொகையை அன்ரி ஒவ்வொரு தடவையும் பாதியாக வெட்டுவார். இப்படிப் பல வருடம் சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே இருவரும் சிநேகிதர் ஆகிவிட்டார்கள். முதலாளி அமெரிக்கன் கட்சி. அன்ரி இங்கிலிஷ் கட்சி. தினமும் காலையில் தொலைபேசியில் அரை மணித்தியாலம் வாக்குவாதம் நடக்கும். அன்ரி பல்கனியில் நின்றுதான் பேசுவார், உள்ளே சிக்னல் எடுக்காது.

அன்ரி ஓய்வு பெற்ற வருடம், நீர்கொழும்புப் பக்கம் ஒரு பழைய வீட்டை விற்கிறார்கள் என்றும், கராஜில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன என்றும் முதலாளிக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் கடவுளே கொண்டுவந்து விட்டது போல ஒன்று இங்கிலிஷ், ஒன்று அமெரிக்கன். குள்ளன் என்று பொருள்படும் பெயருள்ள மிட்ஜெட் ஒன்று. காட்டுக்குதிரை என்று பொருள்படும் மஸ்டாங் ஒன்று. முதலாளி இரண்டையும் லொறியில் ஏற்றி ஒருகொடவத்தையில் இருக்கிற தன் ஸ்டோருக்குக் கொண்டுவந்தார். அன்ரி மூன்று நாள் அங்கேயே கிடந்து இரண்டின் அடியிலும் படுத்தெழும்பினார். ஒருவர் ஒன்றை எடுப்பதென்று பேச்சு. பெயர் சொல்லக் கஷ்டம் என்று அவர்களுக்குள் ஒன்று 'லண்டன்', மற்றது 'அமெரிக்கன்'.

அதே வாரத்தில்தான் எனக்கு இரண்டு சம்பந்தம் வந்தது. ஒருவர் லண்டனில். மற்றவர் அமெரிக்காவில்.

அம்மா இரண்டு பேருடைய விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் அன்ரியிடம் கொடுத்தார். அன்ரியின் தங்கை லண்டனில், தம்பியின் மகன் ஒருவர் அமெரிக்காவில். "அக்கா, ரெண்டு இடத்தையும் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. உங்களை நம்பித்தான் இருக்கிறன்." அன்ரி, கையெல்லாம் கிறீஸ், தாளை ஒரு விரலால் வாங்கிக் குளிர்சாதனப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டு மறந்துபோனார்.

எனக்கு அமெரிக்கா எப்படியோ தெரியாது, லண்டனை உண்மையாகவே பிடித்திருந்தது. இரண்டு தரம் வீடியோவில் கதைத்தோம். முதல் தரம் அவர் புட்டு அவிக்கப்போய் வீட்டுப் புகை அலாரம் அடித்தது. அதை மறைக்காமல், கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டே, "நீங்கள் சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார். அன்றைக்கே நான் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

இனி எங்கள் பேச்சில் உள்ள ஒரு வசதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இளம் பிள்ளைகளைச் செல்லமாக 'அது' என்போம். "அது நல்ல பிள்ளை, அது குடிக்காது" என்றால் பையனை அஃறிணையாக்கிவிட்டோம் என்று அர்த்தமில்லை, பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டெழுத்துச் செல்லம் என் வாழ்க்கையைக் குடைசாய்க்கப் பார்த்தது.

ஒரு காலை, அம்மா மேல் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழ்ப் பல்கனியில் அன்ரி தொலைபேசியில். அம்மாவுக்குக் கேட்டது இது:

"ரெண்டையும் வடிவா விசாரிச்சனான். லண்டன் ஆள் சின்னது, ஆனால் நல்ல வடிவு. கண் ரெண்டும் உருண்டையா, சிரிச்ச முகம்... ஓம், ரெண்டாம் கைதான். முந்தி ஒரு லேடி டொக்டர் வச்சிருந்தவ. கனகாலம்... இல்லையில்லை, ஒழுகுது. கீழாலதான். நிண்ட இடமெல்லாம் கறை. அதுதான் குறைச்சுக் கேக்கினம்... அமெரிக்கனோ? அதுக்குக் கேக்கிறது சரியான கூட. உடம்பு பெருசு, சத்தம் பெருசு. மேலால கறுப்படிச்சு வயசை மறைச்சிருக்கினம். மூண்டு பேரிட்டக் கை மாறினது. அதோட அது குடிக்கும். எவ்வளவு ஊத்தினாலும் காணாது!"

அம்மா ஈரச் சேலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கேட்கிறது என்றால் சீதனம், வச்சிருந்தவ என்றால் வச்சிருந்தவதான், கறுப்பு என்றால் தலைச்சாயம். எல்லாம் பொருந்தியது. அன்று பத்து மணிக்கே கலியாணப் புரோக்கருக்கு அழைத்து இரண்டு இடமும் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. காரணமும் சொன்னார்.

என்னிடம் இரண்டு நாள் காரணம் சொல்லவில்லை. "உது சரிவராது, விடு" என்றார். மூன்றாம் நாள் நான் சாப்பிடாமல் படுத்தபோது வெடித்தார்.

"அந்தப் பொடியனுக்கு ஒழுகுதாமடி!"

"என்னம்மா ஒழுகுது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஒரு தாய் கேக்கிற கேள்வியே அது? அக்கா சொன்னவ. லேடி டொக்டர் ஒருத்தி வேற!"

நான் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். அன்ரியிடம் சொல்லச் சொல்ல முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். கதிரையில் இருக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"அன்ரி, அம்மா இதைப் புரோக்கரிட்டயும் சொல்லிப்போட்டா. அவர் அண்டைக்கே லண்டனுக்குச் சொல்லியிட்டார். மாப்பிள்ளையின்ரை அம்மா கோவத்தில கத்தினவவாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. அன்ரி அவ்வளவு வெளிறி நான் பார்த்ததில்லை. "சொல்லியிட்டாவோ?" என்றார். பிறகு, "பிள்ளை, ஒரு வாகனம் அடிபட்டது எண்டு ஒருக்கா எழுதினால், அதைப் பிறகு எவ்வளவு திருத்தினாலும் பழைய விலைக்குப் போகாது. அடிபடாததை அடிபட்டது எண்டு நான் என்ரை சேவைக்காலத்தில ஒருநாளும் எழுதினதில்லை" என்றார். குளிர்சாதனப்பெட்டியில் அம்மா கொடுத்த தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அதை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அம்மாவைச் சேலை மாத்தச் சொல்லு."

அம்மா நம்பவில்லை. வெட்கத்தை மறைக்க அன்ரி கார்க்கதை விடுகிறார் என்றே நினைத்தார். ஓட்டோ பிடித்து ஒருகொடவத்தை ஸ்டோருக்குப் போகும்வரை வாயை இறுக்கிக்கொண்டே வந்தார். அங்கே சிவப்பாக, முழங்கால் உயரத்தில், உருண்டைக் கண்களோடு அந்தக் குள்ளன் நின்றது. அடியில் விரித்திருந்த பேப்பரில் கறுப்புக் கறை. அன்ரி ரோச் அடித்துக் காட்டினார்.

"பார் தங்கச்சி. இதுதான் ஒழுகிற லண்டன்."

அம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அப்ப அந்த லேடி டொக்டர்?"

"இதில ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவ. அந்த வீட்டுக்காரி. பாவம், செத்துப்போனா."

அந்தப் பக்கம் கன்னங்கரேல் என்று லொறி நீளத்துக்கு நின்ற மஸ்டாங்கைத் தட்டிக்கொண்டு முதலாளி வந்தார். "குடிக்கிறது என்னோடதுதாங்க அம்மா. மாப்பிள்ளைத் தம்பி குடிக்கிறாரா இல்லையான்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வந்ததுதான் வந்தோம், ஓடியே பார்த்துவிடுவோம், வெள்ளவத்தைக்கு எது முதலில் போகிறது என்று முதலாளி சவால் விட்டார். அம்மாவை அன்ரி ஓட்டுகிற லண்டனில் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்பதைவிட மடித்து வைத்தார்கள் என்று சொல்லலாம். நான் அமெரிக்கனில். அது இடப்பக்கம் ஸ்டியரிங். முந்திப் போவதென்றால் எதிரே வருவது முதலாளிக்குத் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "பாப்பா, லொறி வருதா? பஸ் வருதா? சரியா பாத்துச் சொல்லுங்க!" என்று அவர் கேட்கக் கேட்க, நான் தலையை வெளியே நீட்டி நீட்டிக் கத்தினேன். சில இடங்களில் கால் வைத்ததும் பாய்ந்தது உண்மைதான். ஆனால் பாய்ந்த வேகத்தில் பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. வழியில் பெற்றோலுக்கு ஒருதரம் நிறுத்தினோம். லண்டனோ சந்துபொந்தெல்லாம் நுழைந்து போய்விட்டது. எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையின் வாசலில் அமெரிக்கன் திரும்ப இடமில்லாமல் குறுக்கே நின்று, பின்னால் வந்த ஓட்டோக்காரர்களிடம் சிங்களத்தில் நல்ல வசவு வாங்கியது. உள்ளே அம்மா காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் பறந்திருந்தது. அப்பா போன பிறகு அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

அந்தப் பின்னேரமே அன்ரி லண்டனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். "எங்கட பிள்ளைக்கு என்ன ஒழுகுது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். அன்ரி நியாயம் பேசவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு கீழே போய், காரின் அடியில் நீட்டிச் சொட்டுவதைக் காட்டினார். "நான் கதைச்சது இதைப் பற்றி. பிழை என்னுடையது. உங்கட பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் விசாரிக்கேல்லை, அதுவும் பிழைதான். ரெண்டுக்கும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ." போனில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார்: "அன்ரி, ஒழுகிறது எஞ்சின் ஒயிலோ, கியர்பொக்ஸ் ஒயிலோ?"

அன்ரியின் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல? அரை மணித்தியாலம் இருவரும் கதைத்தார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம்.

போனை வைத்ததும் அம்மா கேட்டார். "இப்ப சொல்லுங்கோ அக்கா. பொடியன் எப்பிடி?"

"ஓட்டம் நல்லம். கோவிக்க வேண்டிய இடத்தில அது சிரிச்சுது. அது எல்லாருக்கும் வராது."

"செலவு?"

அன்ரி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "செலவு உனக்குத்தான் தங்கச்சி. பிள்ளை போயிடும். இந்த வீட்டில நீ தனிய இருப்பாய். அதைக் கட்ட ஏலுமெண்டால் ஓமெண்டு சொல்லு. ஏலாதெண்டால் இப்பவே சொல்லு."

அம்மா அழுதார். அன்ரி தேற்றவில்லை, காத்துக்கொண்டிருந்தார். "கட்டுவன் அக்கா" என்றார் அம்மா.

கலியாணம் முடித்து நான் லண்டனுக்கு வந்து சில வருடமாகிறது. அவருக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கும். மத்தியானமே மங்கிப்போகிற இந்த ஊரில் நான் ஜன்னலடியில் இருந்து அம்மாவுக்கு அழைப்பேன். அங்கே அந்திநேரம். முதல் சில மாதம் அம்மா அழுதார், நான் தேற்றினேன். பிறகு கதை மாறியது. அன்ரியோடு மரைன் டிரைவில் தெஹிவளை வரை போனேன், அன்ரியோடு கிருலப்பனையில் ரயர் மாற்றப் போனேன் என்று வரத் தொடங்கியது. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் இருவரும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு காருக்குள் இருந்து, அதையும் ஒரு பயணம் போலச் சொன்னார்கள். முதலாளியின் அமெரிக்கனுக்கு பங்கீட்டில் கிடைக்கிற பெற்றோல் கொட்டாஞ்சேனையைத் தாண்டவே காணாதாம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தார். அம்மா இப்போது காலையில் முதல் தேத்தண்ணியோடேயே கதைக்கிறாராம்.

அன்ரி தன் வாழ்நாளில் போட்ட மதிப்பீடுகளில் எனக்குத் தெரிந்து பிழையானது ஒன்றுதான். செலவை அம்மாவின் பெயரில் எழுதிவிட்டார். கட்டிக்கொண்டிருப்பவள் நான்.

போன ஞாயிறும் அழைத்தேன். இவர் வேலைக்குப் போயிருந்தார், வெளியே மழை. "அம்மா, இண்டைக்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் கதையுங்கோவன்" என்றேன். "சொல்லு பிள்ளை, கெதியாச் சொல்லு" என்றார் அம்மா. அதற்குள் கீழேயிருந்து ஹோர்ன் கேட்டது. ஒருதரம், பிறகு இரண்டுதரம்.

"ஐயோ, அக்கா எஞ்சினை நிப்பாட்டாமல் நிக்கிறா. நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. வைக்கிறன் என்ன?"

வைத்துவிட்டார். நான் எழும்பிப் போய் அன்றைக்கு மூன்றாவது தேத்தண்ணியைப் போட்டேன்.